லேண்டிங் இடத்தை மாற்றச் சொன்னது யார்?

1. போனை வைத்துவிட்டார்

பயிற்சியின் இரண்டாவது வாரத்தில் என் கமாண்டர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

உண்மையான கமாண்டர் இல்லை. மேப் எக்சர்சைஸில் அந்த வேடத்தை எடுத்துக்கொண்டவர் எங்கள் வகுப்பாசிரியர் கேப்டன் ஃபோக்ட். அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். தெற்கு ஜெர்மனியில் இளம் விமானப்படை அதிகாரிகளுக்கான பள்ளி அது. நான் இந்திய விமானப்படையில் ஃப்ளையிங் ஆபீசர்; பதவிப் பெயரில்தான் பறப்பது, வேலை அட்மின் பிராஞ்சில். விருந்தாளி மாணவனாக நான்கு மாதங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

எங்களுக்குக் கொடுத்த வேலை எளிது. மாற்று விமானத் தளம் ஒன்றுக்கு எரிபொருள் லாரிகள் போய்ச் சேர வேண்டும். விமானங்கள் அங்கே இறங்கப் போகின்றன. மேப்பில் பாதையைக் குறித்து முடித்ததும் ஒரு சீட்டு வந்தது: "ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டது." நான் உடனே போனை எடுத்தேன்.

"சார், பாலம் இல்லை. வடக்கு ரோட்டில் போக உங்கள் அனுமதி வேண்டும்."

"எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் ஃபோக்ட். வைத்துவிட்டார்.

என் ஜோடி லெஃப்டினன்ட் உவேயைப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரம், முப்பதை நெருங்கும் வயது. அவனும் என்னைப் பார்த்தான். "திரும்பக் கூப்பிடுவார்" என்றான். காத்திருந்தோம். அடுத்து வந்த சீட்டில் விமானங்கள் இறங்கிவிட்டன என்றும் எரிபொருள் இல்லாமல் ஓடுதளத்தில் நிற்கின்றன என்றும் எழுதியிருந்தது.

மற்ற ஜோடிகள் எல்லாம் வடக்கு ரோட்டில் லாரியை அனுப்பியிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

வகுப்பில் ஃபோக்ட் கத்தவில்லை. "வடக்கு ரோடு இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றோம். "விமானத்துக்கு எரிபொருள் வேணும்னு தெரியுமா?" தெரியும். "அப்புறம் என்கிட்ட என்ன கேக்கணும்?"

கேட்காமல் செய்வது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா தார் ரோடு போடும் வேலைக்குப் போனவர். மேஸ்திரி சொல்லாமல் ஒரு கூடை ஜல்லியை இடம் மாற்றியதில்லை. படித்து வந்த பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதுதான். கேட்டுவிட்டுச் செய்கிறவன் நல்ல அதிகாரி. எங்கள் ஆப்பரேஷன் ஆர்டரிலும் ஐந்து பத்தி உண்டு. நோக்கம் ஒரு வரியில் இருக்கும், செய்முறை மூன்று பக்கத்துக்கு இருக்கும். நாங்கள் படிப்பது அந்த மூன்று பக்கத்தை. இங்கே அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மற்றதெல்லாம் உன் பாடு.

2. உவேயின் இரண்டு வருடம்

உவே ஏன் காத்திருந்தான் என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. அவன் கிழக்கு ஜெர்மன் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவன். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு பழைய எதிரிப் படை அவனை எடுத்துக்கொண்டது. ஒரு ரேங்க் இறக்கி, இரண்டு வருட சோதனைக் காலத்தில். அந்த இரண்டு வருடம் முடியப் போகிறது. இந்தப் பயிற்சியின் முடிவில் ஃபோக்ட் எழுதும் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் அவனை வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

"வெளிய போனா என்ன செய்வே?" என்று கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது ஜெர்மனில். எனக்குப் பழகிய தமிழில் எழுதுகிறேன்.

"எங்க ஊர்ல நூல் மில்லை மூடிட்டாங்க. என் பொண்டாட்டி அங்கதான் வேலை பார்த்தா. பஸ் ஓட்டலாம்னு பார்த்தா, பஸ் டிப்போல முன்னாடியே எங்க பழைய மேஜர் ஒருத்தர் வேலை கேட்டு நிக்கிறார்." சிரிக்காமல் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டேன்.

மெஸ் சமையல்கட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை செய்தார். அருள் அண்ணன். நாற்பது வயதிருக்கும். முதல் நாள் தட்டை நீட்டியபோதே என் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டார்.

"இந்தியாவோ தம்பி? எயார்ஃபோர்சோ? அப்ப எண்பத்தேழில எங்களுக்கு மேலயிருந்து பருப்புப் போட்ட ஆக்கள்!"

"நான் இல்லைண்ணே. அப்ப நான் படிச்சிட்டிருந்தேன்."

"ஓம், தெரியும். உங்களைப் பாத்தா போட்ட ஆள் மாதிரி இல்லை, பொறுக்கித் திண்ட ஆள் மாதிரிக் கிடக்கு. அதுக்குப் பிறகு உங்கட ஆமி ஆக்கள் வந்து செய்தது வேற கதை. அதை விடுங்கோ. கிழங்கு இன்னும் ரெண்டு வைக்கட்டோ?"

உவேயைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. சமையல்கட்டுக்குத் தெரியாத செய்தி எந்த முகாமிலும் இல்லை.

"உங்களோட திரியிற நெட்டை, அவருக்கும் தவணைதானாமே?" என்றார் ஒரு நாள்.

"ரெண்டு வருஷம்ணே."

"எனக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா விசா நீட்டுறாங்கள். Termin எண்டு முதலே நாள் குறிச்சு எடுத்து, வரிசையில நிண்டு. அந்தக் கணக்கில அவர் பெரிய பணக்காரன்." கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "எண்டாலும் சொந்த நாட்டில இருந்துகொண்டு விசாவுக்கு நிக்கிறது பாவம். நான் அகதி, எனக்குப் பழகிட்டுது. அந்தாளுக்கு ஏலாது."

நான் இதை உவேயிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அருள் அண்ணனிடம் கை கொடுத்துவிட்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

3. அறுத்துப் போட்ட புல்

மூன்றாம் மாதக் கடைசியில் வெளிக்களப் பயிற்சி. மலையடிவாரக் காடு. ஒவ்வொருவரும் ஒரு நாள் தலைவராக இருக்க வேண்டும். உவேயின் நாளில் கிடைத்த பணி: காட்டுக்குள் "அடிபட்டுக் கிடக்கும்" விமானியைக் கண்டுபிடித்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து, ஹெலிகாப்டரில் ஏற்ற வேண்டும். ஹெலிகாப்டர் நிஜமாகவே வரும். ஃபோக்ட் கூடவே நடந்து மதிப்பெண் போடுவார். உவேக்கு அதுதான் கடைசிச் சோதனை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உவே ஆர்டர் கொடுத்தான். பழைய பழக்கம், எல்லாவற்றையும் சொன்னான். யார் முன்னால், யார் பின்னால், எந்த மரத்தடியில் தண்ணீர் குடிக்கலாம் என்பது வரை.

"மூச்சு எப்ப விடணும்னு சொல்லலையே" என்றான் பெர்ண்ட். மேற்கத்தியப் பையன், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

எல்லோரும் சிரித்தோம். உவேயின் காது சிவந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தான். "சரி. குழப்பம் வந்தா இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அடிபட்டவன் மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். மத்ததெல்லாம் அதுக்காகத்தான்."

எனக்கும் பெர்ண்டுக்கும் இன்னொருவனுக்கும் லேண்டிங் இடத்தைத் தயார் செய்யும் வேலை. மேப்பில் வட்டம் போட்ட புல்வெளிக்குப் போனோம். சமதரை, மின்கம்பி இல்லை, மரமும் இல்லை. ஆனால் புல்லை அன்று காலையில்தான் அறுத்திருந்தார்கள். வெளி முழுக்க உதிரியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் டிராக்டர் மேல் விவசாயி.

நான் ஒரு வருடம் ஹெலிகாப்டர் யூனிட்டில் இருந்தவன். உதிரிப் புல் மேல் ஹெலிகாப்டர் இறங்கினால் விசிறிக் காற்றில் அத்தனையும் மேலே எழும்பும். என்ஜின் அதை உறிஞ்சும். பைலட்டுக்குத் தரை தெரியாது.

"இங்க இறக்கப் போறீங்களா?" என்றார் விவசாயி. "என் புல்லு பக்கத்து ஊர்ல போய் விழுந்தா யார் பொறுக்கிட்டு வருவா? நீங்களா, உங்க மந்திரியா?"

ரேடியோவில் உவேயைக் கூப்பிட்டேன். பள்ளத்தாக்கில் இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதே இரைச்சல்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ந்த வெளி ஒன்று இருந்தது. புல் ஒட்ட மேயப்பட்டிருந்தது, மாடுகளை வேறு பக்கம் ஓட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் ஆர்டரில் அது இல்லை.

"என்ன பண்றோம்?" என்றான் பெர்ண்ட். இந்த முறை கிண்டல் இல்லை.

"அங்க மாத்தறோம்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரையும் கேட்கவில்லை என்பது உறைத்தது. பெர்ண்டை உவேயிடம் ஓடச் சொல்லி அனுப்பினேன். நானும் மற்றவனும் ஓடையைத் தாண்டி ஆரஞ்சு துணியை விரித்தோம். சத்தம் கேட்டதும் புகைக்குப்பியைத் திறந்தோம். ஹெலிகாப்டர் சுத்தமாக இறங்கியது.

பெர்ண்ட் போய்ச் சேர்வதற்குள் ஸ்ட்ரெச்சர் குழு பழைய புல்வெளிப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டது. திரும்பி, ஓடையில் இறங்கி, இடுப்பளவு நனைந்து வந்தார்கள். பைலட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடிபட்டவன்" ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே தன் பூட்ஸில் தண்ணீர் போனதாகத் திட்டிக்கொண்டிருந்தான். ஏற்றி அனுப்பினோம். தாமதம்தான், ஆனால் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

4. கேள்வி

ஹெலிகாப்டர் மறைந்ததும் ஃபோக்ட் என் பக்கம் திரும்பினார்.

"லேண்டிங் இடத்தை மாற்றச் சொன்னது யார்?"

உவே ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. நான் வளர்ந்த சர்வீஸில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் முன்னால் நம் தலைவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்ததாகக் காட்டவே கூடாது. நல்லது நடந்தால் "சார் ஆர்டர்". கோளாறு நடந்தாலும் முதலில் "சார் ஆர்டர்", மற்றதைப் பிறகு அறைக்குள் பேசிக்கொள்ளலாம். அது மரியாதை. அதனால் நான் யோசிக்கவே இல்லை.

"லெஃப்டினன்ட் உவேயின் ஆர்டர் சார். புல்வெளி சரியில்லை என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்லியிருந்தார்."

அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஃபோக்ட் உவேயைப் பார்த்தார். "அப்படியா? மாற்று இடம் நீங்க முன்னாடியே குறிச்சுக் கொடுத்ததா?"

உவே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப ரேடியோ பேசாதப்ப, பழைய இடத்தைப் பார்த்து ஏன் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு நடந்தீங்க? மாறியிருக்கலாம்னு உங்களுக்குத்தானே முதல்ல தோணியிருக்கணும்?"

நான் கட்டிய கதையில் உவே மாட்டிக்கொண்டான். ஆமாம் என்றால், தான் கொடுத்த ஆர்டரையே மறந்த தலைவன். இல்லை என்றால், தன் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாத தலைவன். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருடம் போயிற்று. பெர்ண்ட் தரையைப் பார்த்தான்.

"இல்லை சார்" என்றான் உவே. "நான் அப்படி ஆர்டர் கொடுக்கலை. பெர்ண்ட் வந்து சொல்ற வரைக்கும் மாத்தினது எனக்குத் தெரியாது. இவனாகத்தான் மாத்தியிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, கேட்காததையும் சொன்னான். "ரேடியோ வேலை செஞ்சிருந்தா, 'அசையாதே, நான் வந்து பார்க்கிறேன்'னு சொல்லியிருப்பேன். அது தப்பா போயிருக்கும்."

ஃபோக்ட் என்னிடம் வந்தார். "இப்ப நீங்க சொல்லுங்க. ஏன் மாத்தினீங்க?"

"புல் உதிரியாக் கிடந்தது சார். ஹெலிகாப்டர் இறங்க முடியாது. அடிபட்டவன் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கணும்னு உவே சொன்னான். அது மட்டும்தான் சொன்னான். ஓடையைப் பற்றி எதுவும் சொல்லலை."

"அவர் அவ்வளவு சொன்னது போதும்" என்றார் ஃபோக்ட். வேறு ஒன்றும் சொல்லாமல் வண்டியை நோக்கி நடந்தார். அது யாருக்குச் சொன்ன வார்த்தை என்று எங்களுக்குப் புரியவில்லை. திரும்பி வரும் வழியில் உவே என்னிடம் பேசவில்லை. முகாம் வாசலில் இறங்கும்போது மட்டும், "நல்ல எண்ணத்துலதான் சொன்னே, தெரியும்" என்றான்.

5. கடைசி வாரம்

ஃபோக்ட் ஒவ்வொருவரையும் அறைக்குக் கூப்பிட்டு மதிப்பீட்டைப் படித்துக் காட்டினார். எனக்கு எழுதியிருந்தது: முடிவெடுக்கத் தெரிகிறது. எடுத்த முடிவைத் தன்னுடையது என்று சொல்லத் தெரியவில்லை. இது டெல்லிக்குப் போகும் என்றார். போகட்டும் என்றேன். வேறென்ன சொல்ல?

எனக்குப் பிறகு உவே. நான் நடைபாதையிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"என்ன ஆச்சு?"

"வெச்சுக்கச் சொல்லி எழுதிட்டார்."

நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஒரு கேள்வி கேட்டார். 'அந்த இந்தியன் உங்களுக்குச் சாதகமா ஒரு பதில் கொடுத்தானே, ஏன் எடுத்துக்கலை?'ன்னு. நான் சொன்னேன், பழைய படையில எங்க கமாண்டர்கள் எல்லாத்துக்கும் 'என் ஆர்டர்'னு சொல்வாங்க. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சாக்கூட. நாடே போனப்ப, அந்த ஆர்டரெல்லாம் யார் கொடுத்ததுன்னு கேட்டாங்க. ஒருத்தர்கூடக் கை தூக்கலை."

இந்தப் பயிற்சிக்கு அடுத்துப் போகப்போகும் இளம் அதிகாரிகளுக்கு மொழி பற்றியோ மேப் பற்றியோ நான் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் பழகிவிடும். "யார் சொல்லிச் செய்தாய்?" என்று கேட்கும்போது மேலதிகாரியின் பெயர் நாக்கு நுனிக்குத் தானாக வரும். அதை விழுங்கிவிட்டு "நான்தான்" என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு நொடி பிடிக்கிறது. அந்த ஒரு நொடியைக் குறைப்பதற்குத்தான் அரசாங்கம் நான்கு மாதச் செலவு செய்கிறது என்பது என் கணிப்பு.