ஆறாவது பூட்டு

அந்தக் காகித ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'சர்டிபிகேட்டு', முகத்துக்கு நேரே 'சர்டிபிகேட்டக்கா'. பெயர் வைத்தவர்கள் தொழிற்சங்கத்து ஆட்கள். இரண்டு வருஷம் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தவள் என்று கிண்டல். அவர்கள் வந்த வழி வேறு. சங்கம் சேர்த்துவிட, ஒரு மூத்த ஃபிட்டர் பின்னால் நான்கு வருஷம் ஸ்பேனர் தூக்கி, திட்டு வாங்கித் தொழில் பழகியவர்கள். இதில் எது உசத்தி என்று கேன்டீனில் நாள் தவறாமல் சண்டை நடக்கும். டீதான் ஆறும், சண்டை ஆறாது.

அவளுக்கு அந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் தம்பி சங்கத்துப் பயிற்சியில் வந்தவன். அப்பா அதே ஆலையில் செத்தபோது பிள்ளைகள் வளர்ந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கம் குடும்பத்துக்கு ஓர் இடம் தந்தது. பெரியவள் இவள்தான். ஆனால் அந்த நேரம் வந்தபோது சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "பையன் இருக்கானே, பொண்ணுக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்" என்று அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். அந்த ரோஷத்தில்தான் அவள் தொழிற்பள்ளிக்குப் போனாள். வகுப்பில் நாற்பது பையன்கள், இவள் ஒருத்தி. தேர்வில் முதல் ஆளாக வந்தாள். வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம், அத்தனை கோபம் அவளுக்கு.

அப்பா செத்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பழைய காகிதத்தைத் தண்ணீரில் போட்டு அரைக்கிற பெரிய இரும்புத் தொட்டி ஒன்று அங்கே உண்டு. கூழ்த்தொட்டி என்பார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், அடியில் சுழலும் கத்தி. காகிதக் கட்டோடு வருகிற கம்பியும் சணலும் கத்தியில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே இறங்கி அதை வெட்டி எடுக்க வேண்டும். இறங்குமுன் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் கைப்பிடியில் ஆறு துளை போட்ட இரும்புத் தகடு ஒன்றைக் கோப்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த சிவப்புப் பூட்டைத் தகட்டில் மாட்டிவிட்டுத்தான் போவான். சாவி அவன் சட்டைப் பையில். ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் சுவிட்ச் மேலே ஏறாது. போட்டவன்தான் எடுக்க வேண்டும், இது சங்கத்துச் சட்டம். ஒரு பதிவேடும் உண்டு. உள்ளே போனால் ஒரு கையெழுத்து, வெளியே வந்தால் ஒரு கையெழுத்து. இது படித்தவர்கள் கொண்டுவந்த சட்டம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வேலை முடிந்து குளிக்கப் போகிற அவசரத்தில், கூட்டாளி ஒருவன் அப்பாவுக்கும் சேர்த்து 'வெளியே' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற உதவிதான். தொழிற்பள்ளியில் படித்த ஷிஃப்ட் அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். எல்லோரும் வெளியே வந்தாயிற்று, ஒரு பூட்டு மட்டும் தொங்குகிறது, மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று முடிவு செய்தார். முறைப்படி ஃபாரம் நிரப்பினார். நாற்பத்தொன்றாம் எண் பூட்டை வெட்டினார். சுவிட்சை ஏற்றினார்.

அப்பா உள்ளே இருந்தார்.

வெட்டியது அந்த அதிகாரி என்று சங்கம் சொன்னது. பொய்க் கையெழுத்துப் போட்டது உங்கள் ஆள் என்று நிர்வாகம் சொன்னது. இரண்டும் உண்மை, இரண்டாலும் பிரயோஜனமில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான் என்று இன்றுவரை எவனும் வாய் திறக்கவில்லை. வெட்டுப்பட்ட பூட்டு இரண்டு துண்டாக வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நல்ல நாள் கெட்ட நாள் இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "யாருடி போட்டிருப்பா அந்தக் கையெழுத்த?" என்று கேட்பாள். நாற்பத்தொன்றாம் எண்ணை அதற்கப்புறம் யாருக்கும் தரவில்லை.

இப்போது அவள் ஷிஃப்ட் பொறுப்பாளர். ஆறு மாதம் சோதனைக் காலம், அதில் கடைசி நாள் அன்று. மூன்று மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும், ஓடவில்லை என்றால் நாற்காலி கிடையாது என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

தொட்டிக்குள் இறங்கியவர்கள் ஐந்து பேர். அதில் தம்பியும் ஒருவன். இரண்டரை மணிக்கு ஐவரும் மேலே வந்தார்கள். அவள் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவனவன் கையெழுத்த அவனவன்தான் போடணும்."

"ரேகையும் வச்சுடவா சர்டிபிகேட்டக்கா?" என்றான் ஐவரில் ஒருவனான நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து கையெழுத்து விழுந்தது. ஐந்து பேரும் போய் ஐந்து பூட்டைக் கழற்றினார்கள்.

தகட்டில் ஒரு பூட்டு மிச்சமிருந்தது.

சிவப்புப் பூட்டு. துரு இல்லை, கீறல் இல்லை. அவள் திருப்பி எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் சட்டைப் பையில் கிடந்த சாமானில் இருக்குமே, அந்தச் சூடு. மற்ற ஐந்து பூட்டும் குளிர்ந்துதான் கிடந்தன.

அவள் தம்பியைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "பெட்டியில இருந்தத எடுத்து ஒட்ட வச்சு மாட்டினியாடா?"

"இல்லக்கா."

"வெளையாடாத."

"அம்மா மேல சத்தியமா நான் இல்லக்கா." அவன் உதடு வெளுத்திருந்தது. "நான் பூட்டு போடும்போது தகட்டுல ஒண்ணு இருந்துச்சு. நெட்டையன் முந்திட்டான்னு நெனச்சேன்."

நெட்டையனைக் கேட்டால், தான் போடும்போதும் ஒன்று இருந்தது என்றான். ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். ஐந்து பேரில் ஒருவனும் முதல் ஆள் இல்லை.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். பதிவேட்டைப் புரட்டினார். "உள்ள அஞ்சு பேர், வெளிய அஞ்சு பேர். அப்புறம் என்ன?"

"ஒரு பூட்டு இருக்கு சார்."

"எவனோ கொழுப்பெடுத்து மாட்டியிருக்கான். ஃபாரம் இருக்கு, கட்டர் இருக்கு. நீங்க படிச்சவங்கதானே?"

அவள் தொட்டி மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கத்தி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. சுத்தியலால் தொட்டிச் சுவரை மூன்று தடவை தட்டினாள். உள்ளே அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது. பதில் இல்லை. இறங்கி வந்தாள். பள்ளியில் சொல்லித்தந்த எல்லாவற்றையும் செய்தாயிற்று. இனி வெட்டலாம், தப்பே இல்லை. ஃபாரத்தை எடுத்துத் தேதி, நேரம், பூட்டு எண் எல்லாம் எழுதினாள். கடைசி வரி அச்சிலேயே இருந்தது. 'பூட்டின் உரிமையாளர் வெளியேறிவிட்டதை நான் உறுதி செய்தேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

இதே வரியை அப்பா சாவு பற்றிய விசாரணைப் பிரதியில் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். அதே எண், அதே வரி, கீழே அந்த அதிகாரியின் கையெழுத்து. அவளுக்குப் பயம், வேறென்ன. பேனாவை மூடிவிட்டாள்.

"உறுதி செய்யல சார். தெரியாதத எழுத மாட்டேன்."

"மணி மூணாகப் போகுது. நாளைக்கு இந்த நாற்காலியில நீங்க இருக்க மாட்டீங்க."

"சரி சார்."

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த நாற்காலி, இரண்டு வார்த்தையில் போயிற்று. தம்பி பக்கம் திரும்பினாள். "உங்க சங்கத்துல என்னடா சொல்லித் தருவாங்க?"

"பூட்டு இருந்தா ஆள் இருக்குன்னு."

"எங்க இருக்கு?"

அவன் தொட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "கீழ் அறை பாத்தியாக்கா?" என்றான்.

தொட்டிக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், கூழ் வடிகிற சின்ன அறை ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறைதான் அதைத் திறப்பார்கள், இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருவரும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இரும்புக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வீட்டுக்குள் போகிறவர்கள் விடுவதுபோல ஒழுங்காகச் சேர்த்து விட்டிருந்தது.

கதவைத் திறந்ததும் அழுகிய கூழின் நாற்றம் முகத்தில் அடித்தது. அந்தக் காற்றை இழுத்தால் ஆள் காலி. நெட்டையன் காற்று ஊதியைக் கொண்டுவந்து போட்டான். தம்பி முகமூடி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போனான். கயிற்றின் மறுநுனி அக்காவின் கையில். ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குத் துப்புரவு செய்கிறவள். மூச்சு இருந்தது.

மூன்று மணிக்கு சுவிட்ச் ஏறியிருந்தால் அந்த அறை அரை நிமிஷத்தில் கூழால் நிரம்பியிருக்கும்.

மெஷின் நிற்கிறது, போய் வாரிவிட்டு வா என்று ஒப்பந்தக்காரர் அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, தகட்டில் அவளுக்குப் பூட்டு இல்லை. அவள் பள்ளிக்கும் போகவில்லை, சங்கத்திலும் சேரவில்லை. எது உசத்தி என்று பத்தொன்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினார்களே, இந்தப் பெண்ணுக்கு ஒரு பூட்டு வாங்கித் தர அந்த இரண்டு கட்சியிலும் ஒருவருக்காவது தோன்றியதா? சர்டிபிகேட்டக்காவுக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெண் கண் விழித்துத் தண்ணீர் குடித்தாள்.

"நீங்க பூட்டு ஏதாவது போட்டீங்களாம்மா?" என்று சர்டிபிகேட்டக்கா கேட்டாள்.

"பூட்டா? எனக்கு யாரு பூட்டு குடுத்தா?"

ஆம்புலன்ஸ் போன பிறகு எல்லோரும் சுவிட்சுக்குத் திரும்பினார்கள். தகடு வெறுமையாக இருந்தது. ஆறு துளையும் காலி. கட்டர் வைத்த இடத்திலேயே கிடந்தது. மேலாளர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யார் சார் எடுத்தா?"

"யாரும் வரலையே," என்றார் அவர். நாற்காலி பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

அவள் பதிவேட்டை மூட எடுத்தாள். ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவது வரி. 'உள்ளே' என்ற இடம் காலி. 'வெளியே' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, மை இன்னும் காயாமல் இருந்தது.

விசாரணைப் பிரதியில் இருந்த பொய்க் கையெழுத்து அவளுக்கு மனப்பாடம். ஒரே இழுப்பில், நேர்க்கோட்டில், அழகாக இருக்கும். அப்பாவுக்கு அப்படிப் போட வராது. பாதியில் பேனாவை எடுப்பார், மீதி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஏழு வருஷ மதிப்பெண் அட்டையில் அவள் பார்த்த கையெழுத்து அது. இதுவும் பாதியில் நின்று, கீழே இறங்கியிருந்தது.

தம்பி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தார்கள். சேலைகளுக்கு அடியில் பூட்டு இருந்தது. எப்போதும்போல இரண்டு துண்டு.

"ஏன்டி லேட்டு? எதுக்கு அதப் போட்டுக் கிளறுறீங்க?" என்று அம்மா வந்து நின்றாள்.

அவள் தரையில் உட்கார்ந்து, அன்று நடந்தது முழுவதையும் சொன்னாள். கையெழுத்துக்கு வந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் போட்டா?"

"அப்பாவேதாம்மா போட்டாரு."

"நல்லாப் பாத்தியா?"

"கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்துச்சும்மா."

அம்மா சிரித்தாளா அழுதாளா என்று பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து போய், வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஆலையிலிருந்து இன்னும் வெளியே வராத ஆளுக்காக, பத்தொன்பது வருஷமாக அந்தக் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போட்டதில்லை.