மல்லிகா கையெழுத்திடாத பதில்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சோதனைப் பிரிவு மல்லிகா காலையில் வடக்குப்பட்டு வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டாராம். போன வாரம்கூட என்னிடம் வாதாடி ஜெயித்தவர்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். விமானங்களின் உயரமானிக்குள் போகும் காற்றழுத்த உணரிகளைச் சோதித்துக் கையெழுத்திடுபவர். தரப் பிரிவுத் தலைவன் என்று பெயர்தான் எனக்கு; அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது.

ஒரு குளிர்காலத்தில் ஒரு விமானக் கம்பெனியிடமிருந்து புகார் வந்தது. வடக்கே ஒரு மலை ஊரில், உயரமானியை நம்பி இறங்கும் பாதையில் ஒரு விமானம் வந்திருக்கிறது. பாதை சரி என்று திரை காட்டியிருக்கிறது. விமானமோ மிகவும் தாழ்ந்து மலையை ஒட்டி வந்திருக்கிறது. நல்லவேளை, விமானி கண்ணால் பார்த்து மேலே ஏற்றிவிட்டார். உணரி எங்களுடையது, கையெழுத்து மல்லிகாவுடையது. வந்த கோபத்தில் நான் விசாரிக்கக்கூட இல்லை. அவரைத் தற்காலிகமாக நீக்கிக் கடிதம் அடித்துவிட்டேன்.

அவர் பதறவில்லை. திரும்பி வந்த உணரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து என் கண்முன்னே மறுபடி சோதித்தார். அழுத்தம் இம்மியும் பிசகவில்லை.

"இது காத்தோட கனத்ததான் சார் பாக்குது. ஒயரத்த அதவச்சி கணக்குல போட்டுக்கிறாங்க. அங்க குளிர்ல காத்து சுருங்கிக்கினு கீது. அதே அழுத்தம் இன்னும் கீழயே வந்துடும், காட்டுறதவிட பிளேன் தாழ வரும். நம்ம ஊரு மே மாசத்துல நேர் எதிர், காட்டுறதவிட மேல பறக்கும்."

குளிர் என்றால் பொருள் பழுதாகும் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டிருந்தது. வெளியே இருக்கும் காற்றை நான் யோசிக்கவே இல்லை.

அப்பாடா என்று, 'உணரியில் பழுது இல்லை' என ஒரே வரியில் பதில் அடித்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டால் அவர் வேலை தப்பியது. அவர் பேனாவை மூடினார்.

"நம்ம மேல தப்பில்லன்னு மட்டும் சொன்னா, வேற ஒண்ண மாட்டிக்கினு மறுபடியும் அப்டியே எறங்குவாங்க சார். குளிருக்கு ஒயரத்த திருத்தினாங்களான்னு கேளுங்க. அத எழுதினாதான் போடுவேன்."

நமக்கெதற்கு ஊர் வம்பு என்று கத்தினேன். அசையவில்லை. கடைசியில் அவர் சொன்னபடிதான் எழுதினோம். திருத்தம் விடுபட்டிருந்ததை ஒப்புக்கொண்டு பதில் வந்தது. இனி அந்தக் குளிரில், திருத்தாமல் அந்தப் பாதையில் இறங்க மாட்டார்களாம்.

தன் வேலையே ஊசலாடும்போது, ஒரு விமானம் நிறைய இருக்கும் முகம் தெரியாத மனிதர்களுக்காகப் பிடிவாதம் பிடித்தார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நீக்கக் கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். அவர் மறுத்த அந்த ஒற்றை வரிப் பதில் மட்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கீழே மல்லிகா என்று பெயர் அடித்திருக்கிறது. அதன்மேல் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.