ஆள் சிவப்பா?

என் நிறத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கறுப்பு. மாநிறம் என்று சொல்லிப் பார்த்த உறவினர்கள் உண்டு. அவர்களுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. இந்த நிறத்தை வைத்துக்கொண்டுதான் சர்க்கார் கணக்கில் நான் சிவப்பானேன்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். கம்யூனிஸ்ட் என்றாலே சர்க்கார் சந்தேகப்பட்ட காலம். திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே கம்பிவலைக் கதவும் இரட்டைப் பூட்டும் போட்ட ஓர் அறை உண்டு. ரகசியப் பிரிவு. உள்ளே என்ன ரகசியம் என்பதே ரகசியம். அந்த அறைக்கு ஒரு டைப்பிஸ்ட் வேண்டியிருந்தது. எதை அடிக்கிறோம் என்று புரிந்துகொள்ளாமலே தப்பில்லாமல் அடிப்பவன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்ததால், சூப்பரிண்டெண்ட் என்னைச் சிபாரிசு செய்தார். போலீஸ் விசாரித்து ஆட்சேபணை இல்லை என்றால் உள்ளே போகலாம்; வேலையும் நிரந்தரமாகிவிடும். ஆட்சேபணை உண்டு என்றால் மொத்தமாக வெளியே போகவேண்டியதுதான். அப்பா ரிடையராகி, வீடு என் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்த சமயம் அது.

அதே சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் தெருவில் பெண் வீட்டார் எடுத்த எடுப்பில் வரமாட்டார்கள். யாரோ ஒருவர், யாரென்று சொல்லாமல், குடையும் கையுமாக எதிர்வீட்டில் வந்து தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு, "எதிராத்துப் பையன் எப்படி?" என்பார். ரகசியப் போலீஸுக்கும் இதைவிட மேலான உபாயம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் ஆளும் தண்ணீர்தான் கேட்டார்.

எதிர்வீட்டு மாமி கொண்டுவந்து கொடுத்தாள்.

"கூட்டத்துக்கெல்லாம் போற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஒண்ணு விடமாட்டான். முன்னாடி போய் உக்காந்துப்பான்." மாமி சொன்னது உபந்யாசத்தை.

"ஆளு கொஞ்சம் சிவப்போ?"

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாமி அந்த ஆயிரத்தில் ஒன்றைச் சொன்னாள். "கொஞ்சமா? நல்ல சிவப்பு! தோப்பனார் இன்னும் சிவப்பு. பரம்பரையே சிவப்புன்னா!"

இந்த உரையாடல் எனக்கு முழுசாகத் தெரியவந்தது பிறகுதான். அன்று மாமி என் அம்மாவிடம் சொன்னது, "ஒரு இடத்துலேருந்து விசாரிச்சுண்டு போறா. பேஷாச் சொல்லியிருக்கேன்" என்பது மட்டும்.

அடுத்த வாரம் ஆபீஸில் காற்று மாறியது. நான் பக்கத்தில் போனால் சூப்பரிண்டெண்ட் மேஜைமேல் இருக்கும் தாளைக் கவிழ்த்து வைத்தார். யாரோ லீவு கேட்ட மனுவைக்கூடக் கவிழ்த்தார். "என்ன சார்?" என்றால், "ஒண்ணுமில்லீங்க" என்றார். அதுவரை என்னை "வாய்யா, போய்யா" என்றவர். மேலதிகாரி திடீரென்று மரியாதை கொடுத்தால் வேலைக்கு ஆபத்து.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவனும் என்னைத்தான் படிக்கிறான் என்று தோன்றியது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் யூனியன்காரச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். ஜாக்கிரதையாக அவனைப் பார்த்தும் பாராமல் போக ஆரம்பித்தேன். நான் போலீஸுக்கு ஆள் காட்டுகிறேன் என்று அவன் சந்தேகப்பட்டு, என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டான். வீட்டு அலமாரியில் மாஸ்கோவில் அச்சான நாவல்கள் நாலைந்து இருந்தன. தாள் வழவழவென்று இருக்கும், விலை கொள்ளை மலிவு. அவற்றை வாங்கியது சிக்கனமா, சித்தாந்தமா என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் சூப்பரிண்டெண்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மீசையோடு ஒரு போலீஸ் அதிகாரி, மஃப்டியில்.

"உக்காருங்க. நீங்க சிவப்புன்னு உங்க எதிர்வீட்டம்மாவே சொல்லிட்டாங்க. பரம்பரையாவாமே?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "சார், அந்த மாமி சொன்னது என் கலரை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "நீங்க கறுப்பால்ல இருக்கீங்க?"

"ஆமா சார்."

"அப்ப அந்தம்மா ஏன் பொய் சொல்லணும்? எதை மறைக்கிறாங்க?"

அதை மாமியிடமே கேட்பது என்று முடிவு செய்து, ஜீப்பில் ஏற்றி என்னை ஸ்ரீரங்கத்துக்கே அழைத்துப் போனார். பெண் வீட்டார் பிள்ளையையே கையோடு கூட்டி வந்துவிட்டார்கள் என்று மாமிக்கு ஒரே பூரிப்பு.

"இவரு சிவப்புன்னீங்களேம்மா?"

மாமி என்னைப் பார்த்தாள். கைவிட அவளுக்கு மனசு வரவில்லை. "சிவப்பாத்தான் இருந்தான். இப்ப மாறிட்டான்."

"எப்பலேருந்து?"

"ஆபீஸ் போக ஆரம்பிச்சதுலேருந்து. வெயில்ல அலைச்சல் கொஞ்சமா?"

"திரும்பப் பழையபடி ஆயிடுவாரா?"

"ஒரு கல்யாணம் ஆகட்டும், பாருங்கோ. பழைய சிவப்பு தானா வந்துடும்."

"மாமி, இவர் போலீஸ்!" என்று கத்தினேன்.

"போலீஸ் உத்தியோகமா? இருக்கட்டுமேடா, நல்ல இடம்தானே!" என்றாள் மாமி.

மீசைக்குள் அவர் சிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பத்து நாள் கழித்து சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டு, ஆட்சேபணை இல்லை, உள்ளே போகலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லியிருக்காங்க. கல்யாணத்துக்கப்புறம் இன்னொரு தடவை விசாரிப்பாங்களாம்."

அதில் வேடிக்கை எவ்வளவு, விவகாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. வேலை நிரந்தரமாகி உத்தரவு கையில் வரும்வரை கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏண்டா என்றாள். சொல்லக் கூடாது, ரகசியம் என்றேன். உண்மையும் அதுதான், நான் அப்போது கம்பிவலைக்கு உள்ளே இருந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா எதிர்வீட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி மாமியிடம் கேட்டாளாம்: "ஏண்டி, இவனுக்கு வெளியில ஏதாவது தொடர்பு இருக்குமோ?"