தில்லைப் பால்

சின்னம்மாவின் பார்வை போகப் பார்த்ததற்கு நான்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தங்கையான சின்னம்மாவை அந்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு வள்ளங்கள். முதல் மனைவி இறந்து ஆறு மாதம். "உனக்கென்ன குறை?" என்று எல்லோரும் சின்னம்மாவைக் கேட்டார்கள். பதிலுக்குத்தான் எவரும் காத்திருக்கவில்லை.

வியாழன் பின்னேரம் அவள் விறகு வெட்டத் தொண்டைமானாற்றங்கரைக்குப் போனாள். நானும் போனேன். அங்கே கண்ணா மரமும் தில்லை மரமும் கலந்து நிற்கும். கண்ணா இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். தில்லை இலை இருபுறமும் பச்சை; வெட்டினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒரு பற்றையின் முன்னால் நின்று சின்னம்மா கேட்டாள்: "இது கண்ணாதானே, பிள்ளை?"

பெரியவர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்பது அபூர்வம். இலையைப் புரட்டியும் பாராமல், "ஓம் சின்னம்மா" என்றேன்.

கத்தி இறங்கியது. வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்து அவள் விரல்களை நனைத்தது.

"சின்னம்மா, தில்லை! கையை முகத்திலை வைக்காதேங்கோ!"

அவள் விரல்களைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே இரண்டு கண்களையும் துடைத்தாள்.

அலறவில்லை. என் தோளை நகம் பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "கண் தெரியுதோ?" என்று நான் அழுதழுது கேட்டபோதெல்லாம், "நட" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா ஓடிவந்து தாய்ப்பால் விட்டாள். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. அவை மறுபடி திறக்கப் பத்து நாளாயிற்று.

"ஆரடி அதைக் கண்ணாவெண்டு சொன்னது?" அம்மா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மாறி வெட்டினனான்," என்றாள் சின்னம்மா. "பிள்ளை வேண்டாமெண்டுதான் சொன்னவள்."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் படலையடியில் விஷயத்தைக் கேட்டு, உள்ளே வராமலே திரும்பினார்கள். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெண் பார்க்கும் பேச்சு வந்ததிலிருந்து ஒரு கிழமையாகச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிய சின்னம்மா, அன்று மத்தியானம் கண்ணில் கட்டோடு சோற்றுக் கோப்பையைத் தடவி எடுத்து, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நோ குறைந்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.