கொடி புதைத்த மண்

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றுக்கு நான் பிரசவத் தாதியாக வந்தபோது, முதலில் எனக்குப் புதினமாகப் பட்டவை ஆஸ்பத்திரியின் வெற்றுக் கட்டில்கள்தான். வெள்ளை விரிப்பு விரித்து, வெந்நீர் காய்ச்சிக் காத்திருப்பேன். குழந்தை அழும் சத்தமோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வரும். யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய ஆஸ்பத்திரியில், கட்டில் கிடைக்காத பெண்கள் விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பார்கள். இங்கே வா வா என்று அழைத்தாலும் வரமாட்டார்கள். "மூடச் சனம், மிஸ்ஸி. சொல்லி விளங்காது" என்பார் மருந்து கட்டும் எங்கள் டிரஸர். அவரும் நம்மூர்க்காரர்தான். பிறரை மூடர் என்பது அவருக்கு வெற்றிலை மெல்லுவது போல.

ஒருநாள் பாக்கியம் என்பவளைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். லயத்திலேயே பெற்றிருந்தாள். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. இவளுக்கு இரத்தம் நில்லாமல் நினைவு தப்பியிருந்தது. பெரும்பாடு பட்டுப் பிழைக்கவைத்தோம். கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறியதும் அருகில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன் பிள்ளை, வலி கண்ட உடன வந்திருக்கலாமே? முந்தி ஒருக்கா இங்கதானே பெத்தனீ?"

"அதனாலதான் வரல, மிஸ்ஸியம்மா." அவள் ஜன்னலைக் காட்டினாள். "போன தடவ இந்தக் கட்டில்லதான் கெடந்தேன். எம்புள்ள கொடிய வாளியில கொண்டுபோயி, குப்பையோட போட்டுக் கொளுத்துனாங்க. பொகையப் பாத்துக்கிட்டே கெடந்தேன். கொஞ்ச நாள்ல புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சுது. போயிருச்சு."

நஞ்சுக்கொடியை வீட்டருகே ஆழக் குழி வெட்டிப் புதைப்பது, இதை வாசிக்கும் உங்கள் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே? ஆனாலும் அந்தக் கட்டிலில் படுத்தால் எது கண்ணில் படும் என்று படுத்தவளைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காய்ச்சலுக்குப் புகை காரணமல்ல என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளோடு என்ன வாதம்? மற்றப் பெண்களையும் கேட்டேன். அவர்களும் அந்தப் புகையைத்தான் சொன்னார்கள்.

மாதமொருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டரிடம் போய் நின்றேன். லயத்தில் பெற்றுச் சாகிறார்கள், கொடியை வீட்டாரிடமே கொடுத்தால் இங்கே வருவார்கள் என்றேன்.

"அதைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? மந்திரம் வைப்பார்களா?"

"புதைப்பார்கள்."

"எங்கே?"

"லயத்துப் பின்புறம்."

"அது தோட்டத்து நிலமாயிற்றே" என்றார். நான் சாவைப் பற்றிப் பேச, அவர் நிலத்தைப் பற்றிப் பேசினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நானும் விடவில்லை. கிணற்றுக்கு எட்டத் தள்ளி, சுண்ணாம்பு போட்டு, ஆழமாக என்று ஆயிரம் நிபந்தனையோடு கடைசியில் இசைந்தார். அதன்பின் மண்சட்டியில் மூடித் தகப்பன் கையிலேயே கொடுத்தோம். கட்டில்களில் ஆள் சேரத் தொடங்கியது.

அடுத்த பேற்றுக்குப் பாக்கியம் தானாகவே நடந்து வந்தாள். பெண் குழந்தை. மறுபடியும் இரத்தம் பெருகியது. இம்முறை என் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாள், நிறுத்திவிட்டேன். அவள் புருஷன் மாரிமுத்து சட்டியை வாங்கிப் போய்ப் புதைத்து, மற்றத் தகப்பன்மாரைப் போல மேலே ஒரு கல்லும் வைத்தான். அன்று நான் மறைவாய்ப் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது. லாரியில் ஏறுமுன் பாக்கியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"ஊருக்குத்தானே போறாய், சந்தோஷமாப் போ பிள்ளை" என்றேன்.

"நாங்க எங்க ஊருக்குப் போறோம். இவளுக்கு இதுதானே ஊரு." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "மழையில கல்லு சரிஞ்சிரும். நாய் தோண்டாம பாத்துக்குங்க, மிஸ்ஸியம்மா."

எப்போது ஊருக்கு வருகிறாய் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணர் ஓயாமல் எழுதுகிறார். மழை விட்டதும் ஆளில்லாத லயத்தின் பின்புறம் போய், சரிந்து கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன்.