அளவு சொல்லி ஜெபித்தவள்

எங்கள் தையல் கூடத்தில் துணி வெட்டும் மேஜை ஒன்றுதான். அதற்குப் பொறுப்பானவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது வழக்கம். அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தபோது முதலாளிக்கும் மற்றவர்களுக்கும் வாய் கூசியிருக்க வேண்டும். கூடவே ஓர் அக்காவையும் ஒட்டவைத்து மாஸ்டரக்கா ஆக்கிவிட்டார்கள். நான் அதே கூடத்தில் பதினாறு வருஷமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். பொத்தான் துளைதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பள்ளிச் சீருடைத் துணியை அறுபது அடுக்கு விரிப்பாள். கோடு போடுவாள். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை டேப்பை வைத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் கத்தி இறங்கும். இறங்கிவிட்டால் அறுபது சட்டைக்கும் அதுதான் கதி என்பது அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அவள் அப்படித்தான். ஜெபத்திலும் அப்படித்தான்.

நாங்கள் இருவரும் ஒரே சபை. இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எழுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், மழைக்காலத்தில் ஒழுகும் ஒரு மூலை. மற்றவர்கள் எல்லாம் ஆசீர்வதியும், காத்தருளும் என்று பொதுவாக முடித்துக்கொள்வார்கள். அக்காவோ மகளுக்கு வேலை கேட்டபோது, நடந்து போகிற தூரத்தில், சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு திரும்புகிற மாதிரி, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக என்று கேட்டாள். கர்த்தரிடம் ஜெபிக்கிறீர்களா, ஆர்டர் கொடுக்கிறீர்களா என்று நான் கிண்டல் செய்தேன். "அளவு சொல்லாம துணி வெட்டச் சொன்னா நீ சும்மா விடுவியா?" என்று திருப்பிக் கேட்டாள். மகளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்து பேர் எழுதுகிற வேலை. அதற்குப் பிறகு என் கிண்டல் எடுபடவில்லை. சபையில் ஆளாளுக்கு வந்து, எங்களுக்காகவும் கொஞ்சம் அளவு சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அக்காவின் கணவர் சுவருக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர். வாய் நிறைய வேடிக்கை. அவருடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, இனிமேல் என் ரத்தத்துக்கு வாரம் மூன்று தடவை வெள்ளையடிக்கணுமாம் என்றுதான் எங்களிடம் சொன்னார். ஆனால் அந்த மூன்று தடவை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் பத்து மெஷின். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர ஆட்கள். பெயின்டர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. யாராவது வராமல் போனால் அன்றைக்கு மட்டும் அவரைப் படுக்கவைப்பார்கள். ஆகவே அக்காவும் அவரும் விடியற்காலையில் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது வராமல் இருக்கமாட்டார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில வாரம் இரண்டு தடவை கிடைக்கும், சில வாரம் ஒன்று. அவர் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. இப்படியே போனால் நாள் கணக்குத்தான் என்று டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அந்த வார ஜெபக்கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள். ஆண்டவரே, செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணிக்கு, என் வீட்டுக்காரருக்கு ஓர் இடம் என்று கேட்டாள். அவ்வளவுதான். எழுபது பேரும் ஆமென் சொன்னோம். என் ஆமென் பெரிய ஆமென். கேட்டது என்னவென்று ஒருவரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை.

அதே பெஞ்சில் ஓர் அம்மாவும் உட்காருவார். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர், நிரந்தர ஆள். அந்த அம்மா வேறு சபை, ஆனால் விசுவாசத்தில் அக்காவுக்குச் சளைத்தவர் இல்லை. இருவரும் ஒரே பிளாஸ்கில் டீ குடித்து, ஒரே குடையில் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பழகியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அன்று யாருமே வராமல் இருக்கவில்லை. பெயின்டருக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அழுதிருக்கிறாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய், வியாழன், சனி என்று அக்காவின் அளவையே சொல்லி, சீக்கிரம் கொடும் ஆண்டவரே என்று ஜெபித்திருக்கிறார். இருவரும் சேர்ந்து ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

புதன்கிழமை ஓர் இடம் கிடைத்துவிட்டதால் வியாழக்கிழமை அவர்கள் பெஞ்சுக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், இனிமேல் உங்களுக்கு நிரந்தரமாக ஏழாம் எண் என்றார்கள். ஸ்தோத்திரம் என்று அவள் போட்ட சத்தத்தில் பதினான்கு மெஷினும் நின்றது. நாங்கள் கைதட்டினோம். முதலாளியே மிட்டாய் வாங்கிவர ஆள் அனுப்பினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டுகிற கத்தியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கத்தியை மேஜையில் வைத்துவிட்டுத் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏழாம் நம்பர் தபால்காரரோடது" என்றாள்.

புதன்கிழமை காலையில் அவர் இறந்திருந்தார். மிட்டாய் வந்தது. யாருக்கும் அதைப் பிரிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர், ஜெபம் கேட்கப்பட்டதைச் சபைக்கு முன் சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டார். கேட்ட நாள், கேட்ட நேரம், கேட்ட இடம். இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா என்று அவருக்குச் சந்தோஷம். அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையாட்டினாள். அடுத்த வாரமும் தொண்டைதான். கர்த்தர் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார் என்று பக்கத்து நாற்காலியில் ஒருவர் சொன்னார். அடைபட்ட கதவுக்கு உள்ளே ஒரு மனுஷர் இருந்தார் ஐயா என்று நான் சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. சுவரில் அவருடைய பழைய தபால் பை தொங்கியது; அதில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அது தபால்காரருடைய அளவுத் தம்ளர். சிறுநீரகம் கெட்டவர் என்பதால் ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்து குடித்தது. அதில் விளிம்புவரை ஊற்றியிருந்தார்.

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரரோட இடத்தைக் கேக்கல" என்றாள் அக்கா.

"தெரியும்மா. நானும்தான் கேக்கல." அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஆனா மூணு வருஷமா அந்த பெஞ்சில உக்காந்தவ நான். அங்க இடம் எப்படிக் காலியாகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் ஆமென் சொன்னேன். யாரோ ஒருத்தர்னு நெனச்சேன். அந்த யாரோ இவரா இருப்பாருன்னு மட்டும் நெனக்கல."

 அந்த அம்மா கேட்டார், சபையில் நன்றி சொன்னாயா என்று. இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

"சொல்லிடு. நீ வாயத் திறக்காம இருந்தா அவர் சும்மா போன மாதிரி இருக்கு எனக்கு."

கிளம்பும்போது, ஏழாம் எண்ணில் ஏசி காற்று நேராகக் காலில் அடிக்கும், போர்வை எடுத்துப் போக மறக்காதே என்றார். படியிறங்கும்போது அக்கா, ரெண்டு தடவை பாத்துத்தான் வெட்டுவேன், இதை ஒரு தடவைகூடப் பாக்காம விட்டுட்டேன் என்றாள்.

ஆனால் அவள் நன்றி சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள் என்று நான் பார்ப்பேன். முன்னால் இருக்கும் நாற்காலியைப் பிடிப்பாள். பிறகு கையை எடுத்துவிடுவாள். ஜெபத்திலும் அளவு போய்விட்டது. உம்முடைய சித்தம் ஆண்டவரே என்பதோடு முடித்துக்கொள்வாள். அக்கா எவ்வளவு முதிர்ந்துவிட்டார் பாருங்கள், எல்லாவற்றையும் கர்த்தர் கையில் விட்டுவிட்டார் என்று போதகர் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது முதிர்ச்சி இல்லை, பயம். எதைக் கேட்டால் எங்கே வெட்டு விழுமோ என்ற பயம். ஒருநாள் மேஜையருகே நின்று நேராகவே கேட்டேன், அந்த மனுஷரை எடுத்தது கர்த்தர்தானா என்று.

"அவர் கைக்கு வெளிய ஒண்ணும் இல்லன்னுதானே இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தேன்? அப்போ அதுவும் அந்தக் கைதான். அதைப் போய்ப் பிடிக்கத்தான் எனக்குக் கூசுது."

பெயின்டர் அந்தப் படுக்கைக்கு இரண்டு வருஷம் மூன்று மாதம் போய்வந்தார். வீக்கம் வடிந்தது. சபையின் ஒழுகும் மூலைக்கு அவரே நாற்காலி போட்டு ஏறி வண்ணம் அடித்தார்; கர்த்தருக்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஒரே பெயின்டர் நான்தான் என்று சொல்லிக்கொண்டார். மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலையில் ஒரு தம்ளர் முழுசாகத் தண்ணீர் கேட்டாராம். அக்கா அளவு பார்த்து முக்கால்தான் கொடுத்தாளாம். அடக்கத்தின்போது அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தக் கால் தம்ளரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

அதே பட்டியலில் எங்கள் சபைக்காரர் ஒருவரும் காத்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவருக்காகவும் ஐந்து மாதமாக நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது அடக்கத்துக்கு மறுநாளே எல்லாருக்கும் தெரியும். எந்த எண் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கமான நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. சாட்சி சொல்லும் நேரம் வந்தது. போதகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல், சாட்சி இருந்தால் சொல்லலாம் என்றார். பின்வரிசையில் வேன் ஓட்டுபவரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். போதகர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லப் போனார்.

அக்கா முன் நாற்காலியைப் பிடித்தாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, செவ்வாய், வியாழன், சனி, காலைல ஆறு மணிக்குன்னு ஆண்டவர்கிட்ட ஒரு இடம் கேட்டேன். கேட்ட அளவுலயே குடுத்தார். அது யாரோட இடம்னு எனக்குத் தெரியும். அதனால வாயத் திறக்காமலே இருந்துட்டேன். இப்போ சொல்றேன். அந்த ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு நன்றி ஆண்டவரே."

உட்காருவாள் என்று பார்த்தால் பின்பக்கம் திரும்பினாள்.

"ஏழாம் நம்பர்ல ஏசி காத்து நேரா கால்ல அடிக்கும்மா. போர்வை எடுத்துட்டுப் போ. இப்போ எந்திரிச்சுச் சொல்லு."

அந்தப் பெண் எழுந்தாள். வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அக்காவும் உட்காராமல் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, அவள் சொல்ல முடியாததை அவள் சொல்லி முடித்துவிட்ட மாதிரி, அக்கா ஆமென் என்றாள். எழுபது பேரும் அன்று அவளுக்குப் பின்னால்தான் அதைச் சொன்னோம். கேட்டது என்னவென்று இந்தத் தடவை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.