வாசனைச் சோப்புப் போட்ட குட்டி

மலைமேல் இருக்கும் எங்கள் மன்னவனூருக்கு இன்னும் பஸ் வரவில்லை. வாசனைச் சோப்பு மட்டும் வந்துவிட்டது.

இன்று காலை எங்கள் செம்மறி ஈன்றது. ஈரத்தோடு நடுங்குகிறதே என்று என் வீட்டுக்காரர் குட்டியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டார். தாய் மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது.

"பெத்த குட்டிய முட்டுதே, இதெல்லாம் ஒரு தாயா?" என்றார்.

"அது மூக்காலதாங்க புள்ளய அடையாளம் பாக்கும். வெரசா ஆட்டப் பிடிங்க!"

பால் குடிக்காத குட்டி இந்தக் குளிரைத் தாங்காது. சோப்பு போக அலசி, தாயின் சீம்பாலையே கறந்து குட்டியின் மேலெல்லாம் தடவினேன்.

தாய் மோந்தது. நக்கியது. அடிக்குரலில் கூப்பிட்டது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. ஜெயித்துவிட்டேன்!

ஆட்டு வாடையோடு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிச்சச் சோப்பை நீட்டினேன்.

"இதப் போட்டுக் குளிச்சாத்தான் உங்கள நான் சேத்துக்குவேன்."

உங்கள் வீட்டில் எப்படி?